பாடம் ஏறிவிட்டது, பிள்ளைகள் எங்கே? – இணையவழிக் கற்பித்தல் கேள்வி பதில்

இணையவழிப் பாடத்தளங்களை அமைப்பதிலும் நடத்துவதிலும் உள்ள சிக்கல்களைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் ஆசிரியர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்களுடையது அரசு உதவி பெறும் மேல்நிலைப்பள்ளி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை சுமார் 300 மாணவர்கள் படிக்கிறார்கள். வீட்டுப்பாடம், சிறு தேர்வுகள், பாடக்குறிப்புகள் ஆகியவற்றை இணையத்தில் கொடுக்க விரும்புகிறோம். இணையப் பாடத்தளம் அமைக்கும் மென்பொருளான மூடுலை நிறுவ வேண்டும் என்று ஒரு சாராரும், கூகுளின் இணைய வகுப்பறையான கூகுள் கிளாஸ்ரூம் போதும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– தலைமையாசிரியை, திருமங்கலம் வட்டம்

பதில்: அம்மா, எந்த மென்பொருள் சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், அடுத்த ஜூன் மாதத்திலும் அதைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் யார் இருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். மூடுல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002-ஆம் ஆண்டில் முதல் பதிப்பாக வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை ஏற்றிவைக்கும் சர்வருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். புதிய பதிப்புகளை நிறுவுவது, பேக்கப் என்ற காப்புப் பிரதி எடுப்பது, பாஸ்வேர்டு மறந்த பிள்ளைக்கு மாற்றிக் கொடுப்பது போன்ற வேலைகளுக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். 2014-இல் வந்த கூகுள் கிளாஸ்ரூமில் சர்வர் கவலை உங்களுக்கு இல்லை. பள்ளியின் பெயரில் கல்விக் கணக்குக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றால் அடிப்படை வசதிகளுக்குக் கட்டணமும் இல்லை.

வினா வங்கி, தேர்வு நேரக் கட்டுப்பாடு, ஒவ்வொரு குழுவுக்கும் தனி ஏற்பாடு என்று நுணுக்கமாகச் செய்ய மூடுலில்தான் இடம் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் மூன்று வேலைகளுக்கும் கிளாஸ்ரூமே போதும், அதையே தொடங்குங்கள். எல்லா வகுப்புகளையும் ஒரே நாளில் ஏற்றாமல், விருப்பமுள்ள இரண்டு ஆசிரியர்கள் தங்கள் வகுப்புகளை மட்டும் ஒரு பருவம் நடத்தட்டும். மற்றவர்களுக்குக் கற்றுத்தருவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் வெளியிலிருந்து வர மாட்டார்கள். சென்ற மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். கணினி ஆய்வகத்தில் ஓர் ஆசிரியை, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது திறக்கிறது என்பதைக் கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் மின்சாரம் போய் யூபிஎஸ் கூவத் தொடங்கியது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த நோட்டின் ஜெராக்ஸ் பிரதி இன்று அந்தப் பள்ளியில் ஆறு பேரிடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே சேர்க்கைப் படிவத்தோடு ஓர் ஒப்புதல் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறந்த தேதியையோ ஆதார் எண்ணையோ எந்த மாணவருக்கும் பாஸ்வேர்டாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கலைக் கல்லூரியில் மூடுல் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவர்கள் 420 பேரின் பட்டியலை எக்செல்லில் தயாரித்து ஒரே தடவையில் ஏற்றினேன். தமிழில் இருந்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. சிலரால் நுழையவே முடியவில்லை. நுழைந்த பலருக்கும் பாடம் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாரையும் அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றட்டுமா?
– உதவிப் பேராசிரியர், உசிலம்பட்டி

பதில்: அழிக்காதீர்கள், ஐயா. மூன்று குறைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறானவை, மூன்றையும் இருக்கும் கணக்குகளிலேயே சரிசெய்ய முடியும்.

முதலில் கேள்விக்குறிகள். மூடுல் கேட்பது, பட்டியலைக் காற்புள்ளியிட்ட வெறும் எழுத்துகளாகச் சேமிக்கும் ‘சிஎஸ்வி’ கோப்பை. எக்செல்லில் கோப்பைச் சேமிக்கும்போது அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் வரும். வெறும் ‘காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி’யைத் தேர்ந்தெடுத்தால், அது தமிழ் எழுத்துகளைத் தாங்காத பழைய குறியாக்கத்தில் சேமித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடுகிறது. அந்தக் கோப்பிலிருந்து பெயரை மீட்க வழியில்லை. எனவே மூலமான எக்செல் கோப்பைத் திறந்து, தமிழ் எழுத்துகளைத் தாங்கும் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்ற தேர்வில் மறுபடி சேமியுங்கள். பழைய எக்செல்லில் அந்தத் தேர்வு இல்லையென்றால், பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றி அங்கிருந்து சிஎஸ்வியாக இறக்கிக்கொள்ளலாம். பிறகு மூடுலின் பயனர் ஏற்றும் பக்கத்தில், புதியவர்களைச் சேர் என்பதற்குப் பதிலாக ‘ஏற்கெனவே இருப்பவர்களை மட்டும் புதுப்பி’ என்பதையும், விவரங்களைக் கோப்பில் உள்ளபடி மாற்று என்பதையும் தேர்ந்தெடுத்தால், பயனர்பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டு பெயரை மட்டும் திருத்திவிடும்.

நுழைய முடியாதவர்களின் வரிசைகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று தென்படும். முதலாவது மின்னஞ்சல். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பித்த பிரவுசிங் சென்டரின் மின்னஞ்சலையே பத்துப் பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள். அக்காவும் தம்பியும் அப்பாவின் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்குகளை மூடுல் இயல்பாக ஏற்காது என்பதால், இரண்டாமவருக்குக் கணக்கே உருவாகியிருக்காது. இரண்டாவது காரணம் பதிவு எண். 12 இலக்கங்களோ அதற்கு மேலோ உள்ள எண்ணை எக்செல் தன் போக்கில் சுருக்கிப் புள்ளியும் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்துமாகக் காட்டும், 15 இலக்கங்களுக்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைச் சுழியாக்கிவிடும். அந்த எண்ணைப் பயனர்பெயராக வைத்திருந்தால் மாணவர் எதை அடித்தாலும் நுழைய முடியாது. எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவைத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

பாடம் தெரியாததற்குக் காரணம் மிகச் சிறியது. எந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கோப்பில் எழுதும் நெடுவரிசையில், பாடத்தின் முழுப்பெயரை அல்லாமல் மூடுலில் அதற்கு நீங்கள் வைத்த குறும்பெயரைத்தான் எழுத வேண்டும். ஒரு புள்ளி, ஓர் இடைவெளி மாறினாலும் கணக்கு உருவாகுமே தவிர, மாணவர் பாடத்தில் சேர்ந்திருக்க மாட்டார்.

இனி எந்தப் பட்டியலை ஏற்றினாலும் முதலில் மூன்று வரிசைகள் மட்டும் உள்ள கோப்பை ஏற்றிப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் மூடுல் காட்டும் முன்னோட்டத்தில் பெயர்கள் தமிழில் தெரிகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பொத்தானை அழுத்துங்கள். உங்கள் பெயரிலேயே ஒரு மாணவர் கணக்கையும் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஆசிரியராக இருந்துகொண்டே மாணவர் பார்வைக்கு மாறும் வசதி மூடுலில் உண்டு என்றாலும், தேர்வு எழுதிப் பார்ப்பதற்கும் ஒப்படைவை அனுப்பிப் பார்ப்பதற்கும் தனிக் கணக்குத்தான் உதவும். படிப்பை விட்டு விலகிய மாணவரையும் அழிக்க வேண்டாம். கணக்கை நிறுத்திவைத்தால் மதிப்பெண்கள் அப்படியே இருக்கும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக நான் தட்டச்சு செய்து சேர்த்த வினாத்தாள்கள் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. மூடுலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுகிறது. எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டுமா?
– தமிழாசிரியர், வாடிப்பட்டி

பதில்: வேண்டாம், ஐயா. அந்த உழைப்பு வீணாகாது. பாமினி எழுத்துருவில் நீங்கள் ‘தமிழ்’ என்று பார்க்கும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துருவே அதற்குத் தமிழ் முகத்தைக் கொடுக்கிறது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் முகம் கலைந்துவிடுகிறது. உலக மொழிகளுக்குப் பொதுவான எழுத்துத் தரநிலையான யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் அவற்றின் துணைக்குறிகளுக்கும் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரநிலையாக ஏற்றபோதும், வகுப்பறையில் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களே புழங்கின. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் மூல எழுத்துருவின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு வினாத்தாள் நொடிகளில் மாறிவிடும்.

ஆனால் மாற்றியின் கையில் முழுத்தாளையும் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடாதீர்கள். வினாவுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று எண்ணி மாற்றிவைக்கும். இன்னொரு நுட்பமான இடமும் இருக்கிறது. ‘மௌனம்’ என்ற சொல்லை ஔகாரக் குறியோடு ஒருவர் அடிப்பார். மற்றொருவர் ம-வுக்கு ஒற்றைக்கொம்பு போட்டு அடுத்து ள-வைத் தனி எழுத்தாக அடிப்பார். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். குறுவிடை வினாவில் இது வந்தால், சரியாக எழுதிய பிள்ளைக்குச் சுழி விழும். அப்படிப்பட்ட வினாக்களில் இரண்டு வடிவங்களையும் சரியான விடைகளாகப் பதிந்துவிடுங்கள். ஒரு தமிழாசிரியரால் மட்டுமே பிடிக்கக்கூடிய பிழை இது.

பலவுள் தெரிக வினாக்களை ஒவ்வொன்றாக அடிக்காமல் மொத்தமாக ஏற்றவும் வழி உண்டு. ‘ஐகென்’ என்ற வடிவத்தில், வினாவை ஒரே வரியில் எழுதி, அடுத்தடுத்த வரிகளில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ஒரு புள்ளியோடும் இடைவெளியோடும் இட்டு விடைகளை எழுதி, கடைசி வரியில் ‘ஆன்சர்’ என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு, சரியான விடையின் எழுத்தைக் குறித்தால் போதும். நோட்பேடில் யூடிஎஃப்-8-ஆகச் சேமித்து வினா வங்கியில் ஏற்றுங்கள். அ, ஆ, இ, ஈ என்று தமிழில் இட்டால் மூடுல் ஏற்காது என்பது எனக்கும் வருத்தம்தான்.

கேள்வி: காலை 10 மணிக்குத் திறக்குமாறு வைத்த தேர்வு பிற்பகல் 3.30-க்குத் திறந்தது. நாள் முழுவதும் மாணவர்கள் காத்திருந்தார்கள்.
– கணிதப் பேராசிரியை, மதுரை

பதில்: உங்கள் தளத்தின் நேரம் கிரீன்விச் நேரத்தில் நிற்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. தள நிர்வாகப் பக்கத்தில் இடம் தொடர்பான அமைப்புகளில் நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு, ஏற்கெனவே குறித்துவைத்த தேர்வுகளின் நேரங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் ஒரே ஒரு செல்பேசிதான் இருக்கிறது. தேர்வின் நடுவில் மின்சாரமோ சிக்னலோ போய்விட்டால் பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பினாலும் ஏறுவதில்லை. என்ன செய்யலாம்?
– பட்டதாரி ஆசிரியை, சோழவந்தான்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். தளத்தை அமைப்பவர்கள் ஆய்வகத்துக் கணினியில் அழகு பார்த்து முடிவெடுக்கிறார்கள். வகுப்பிலேயே மிகப் பழைய செல்பேசியில் அது எப்படித் திறக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதுதான் முறை.

அப்பா கொடிக்காலுக்குப் போகும்போதும், மல்லிகையை விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் கொண்டுபோகும்போதும் செல்பேசி அவரோடு போய்விடுகிறது. அது வீடு திரும்பும் நேரமே அந்தப் பிள்ளையின் பள்ளி நேரம். ஆகவே தேர்வைக் காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுங்கள். அதற்குள் எப்போது தொடங்கினாலும் 30 நிமிடம் என்று தனியாகக் கால வரம்பு வையுங்கள். எல்லாரும் ஒரே நொடியில் நுழைந்து சிறிய சர்வர் திணறுவதும் இதனால் நிற்கும். ஒப்படைவுக்கான கடைசி நாளை அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் அனுப்பவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூடுலில் எழுதிக்கொண்டிருக்கும் விடைகள் இயல்பாகவே சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கப்படுகின்றன. பக்கத்துக்கு மூன்று நான்கு வினாக்கள் என்று பிரித்துவைத்தால், பக்கம் மாறும்போதும் சேமிக்கப்படும். தொடர்பு துண்டித்தாலும் மறுபடி நுழைந்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே செய்து காட்டுங்கள், பாதி அழுகை அங்கேயே நின்றுவிடும். இடையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உண்மையிலேயே நேரம் இழந்தவருக்கு ‘ஓவர்ரைடு’ என்ற வசதியில் அவருக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுக்கலாம். மூடுலின் செல்பேசிச் செயலியில் பாடக்குறிப்புகளைச் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கிக்கொண்டு பிறகு இணையமின்றிப் படிக்க முடியும். கால வரம்பு இல்லாத பயிற்சித் தேர்வுகளை அப்படியே எழுதவும் அனுமதிக்கலாம்.

விடைத்தாளைப் படம் எடுத்து அனுப்பும்போது ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல சர்வர்களில் கோப்பின் உச்ச அளவு 2 எம்பி என்றே தொடக்கத்தில் இருக்கும், இன்றைய கேமராவின் ஒரே படம் அதைத் தாண்டிவிடும். அளவை உயர்த்தித் தருமாறு, சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள்.

கேள்வி: தளத்தை அமைத்த கணினி ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். பாஸ்வேர்டு யாரிடமும் இல்லை.
– உதவித் தலைமையாசிரியர், பேரையூர்

பதில்: ஹோஸ்டிங் கணக்கு பள்ளியின் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அச்சமில்லை, நிர்வாகியின் பாஸ்வேர்டைச் சர்வரிலிருந்தே புதிதாக அமைக்கும் சிறு நிரல் மூடுலோடு சேர்ந்தே வருகிறது, ஹோஸ்டிங் நிறுவனத்தார் உதவுவார்கள். இல்லையென்றால் மாறுதலில் சென்றவரைத் தொடர்புகொண்டு, கணக்கைப் பள்ளியின் மின்னஞ்சலுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் தளத்தின் முகவரி ஒரு விரிவுரையாளரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் வேலையை விட்டபின் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. பருவத் தேர்வு வாரத்தில் தளமே காணாமற்போனது. அந்த ஆசிரியர் மீது தவறில்லை, பள்ளியும் கல்லூரியும் செய்ய வேண்டிய ஏற்பாட்டை அவர் தோளில் வைத்துவிட்டார்கள்.

மீட்டெடுத்ததும் பேக்கப் எடுங்கள். தரவுத்தளத்தையும், மாணவர் அனுப்பிய கோப்புகள் கிடக்கும் தரவு அடைவையும், மூடுலின் நிரல் கோப்புகளையும் சேர்த்து எடுத்தால்தான் அது முழுமையான பேக்கப். அதை அதே சர்வரில் வைக்காமல் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் வையுங்கள். இரண்டு பேருக்கு நிர்வாகி உரிமை கொடுத்து, இரண்டாமவர் மாதம் ஒருமுறையாவது தானே நுழைந்து ஒரு வேலையைச் செய்து பார்க்கட்டும். முதன்மைப் பாஸ்வேர்டை ஓர் உறையில் இட்டு, ஒட்டி, மேலே தேதி எழுதித் தலைமையாசிரியரின் பீரோவில் வையுங்கள். பாஸ்வேர்டு மாறும் நாளில் பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புதியதை வைக்க மறக்க வேண்டாம்.