ஆக்ஸிலரேட்டர் சிக்கினால்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆட்டோமேட்டிக் கார். ஓடும்போது ஆக்ஸிலரேட்டர் மிதித்த இடத்திலேயே நின்றுவிட்டது. பதற்றத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். மூன்றாவது மிதியில் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. பிரேக்கும் கெட்டுவிட்டதா?

பதில்: பிரேக் கெடவில்லை, வெற்றிடத்தைக் கொண்டு உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் காலியாகிவிட்டது. பெட்ரோல் காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் பெரும்பாலும் எஞ்சின் காற்றை இழுக்கும் வழியிலிருந்துதான் கிடைக்கிறது. ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்து கிடந்தால் அங்கே வெற்றிடம் அநேகமாக இராது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதனால் ஒரே மிதி, முழு பலத்தோடு, காலை எடுக்காமல். உடனே நியூட்ரல், மேனுவல் காரானால் கிளட்ச்சையும் மிதியுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரம்கட்டி, வண்டி நின்ற பிறகு எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். அதே வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போகாதீர்கள். கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

பதில்: ஓடும்போது அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துப்போகும். சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நியூட்ரல் விழாவிட்டால் மட்டும் சாவியை ஒரு கட்டம் பின்னால் திருப்புங்கள், உருவாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் காரில் ஒரு தட்டு போதாது. பல கார்களில் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் காருக்கு எப்படி என்று மேனுவலில் இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக எப்போதாவது சிக்கும். கால்விரலால் தூக்கிவிட்டால் சரியாகிவிடுகிறது. செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டும். அதுவரை வண்டியைத் தொடாதீர்கள்.

கேள்வி: "எல்லா காருக்கும் பொருந்தும்" என்று ரப்பர் மேட் விற்றார்கள். கடைப் பையனே பழைய மேட்டின் மேல் விரித்துக் கொடுத்தான். பெடல் அதன் விளிம்பில் மாட்டிக்கொண்டது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் எதற்கும் பொருந்தாது. அப்படி நான் வாங்கிய ஒன்று இப்போது வாசலில் செருப்புக்கு அடியில் கிடக்கிறது. 2009 ஆகஸ்டில் கலிபோர்னியாவில், டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் இஎஸ் 350 காரில் வேறு மாடலின் மேட் கிடந்தது. பெடல் அதில் மாட்டி, காரில் இருந்த நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. இரண்டு பெடலும் சேர்ந்து அமுங்கினால் பிரேக் சொல்வதையே எஞ்சின் கேட்கும் ஏற்பாட்டையும் புதிய கார்களில் வைத்தது.

மேட்டின் மேல் மேட் போடவே கூடாது. பல கார்களில் டிரைவர் பக்கத் தரையில் கொக்கி இருக்கும், அதில் மாட்டுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலைத் தரைவரை அழுத்தி விடுங்கள். சட்டென்று எகிற வேண்டும். மேட்டைக் கையால் முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை. அப்போது உரசினால் அந்த மேட் வேண்டாம்.

உங்கள் மேல் தப்பில்லை. மாட்டிய நிலையைப் படம் எடுத்து, பில்லோடு எழுத்து மூலம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். சொன்னபடி பொருந்தாத பொருளுக்கு, 'திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பது பல நாடுகளில் கடைக்காரரைக் காப்பாற்றாது.

கேள்வி: பழைய கார் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் இறுக்கம். ஓட ஓட சரியாகிவிடும் என்கிறார் விற்பவர்.

பதில்: ஆகாது. கேபிள் உள்ள காரானால் பானெட்டைத் திறந்து கேபிளின் முனையைப் பாருங்கள். ஒரு கம்பி இழை பிரிந்து நின்றாலும் கேபிளையே மாற்ற வேண்டும், எண்ணெய் விடுவது வைத்தியமல்ல. கேபிள் நன்றாக இருந்தால், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்து வால்வு ஒட்டியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்யலாம். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள். எலக்ட்ரானிக் பெடலானால் முழு யூனிட்டையும் மாற்றுவார்கள். சேஸிஸ் எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்து, ரீகால் வேலை, அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்த வேலை, பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை முடித்துக் கொடுத்த பிறகே அட்வான்ஸ்.