பட்டியலில் இருக்கும் பெயர்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருபது வருடமாக இருக்கிறேன். குடியுரிமை வாங்கி நான் போட்ட முதல் ஓட்டே 2016-ல், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில், பெர்னி சாண்டர்ஸுக்குத்தான். இந்த முறை, 2020-ல், ஓட்டோடு நிற்கவில்லை. ராத்திரி சமையல் முடிந்ததும் அயோவாவிலும் நெவாடாவிலும் முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டு அவருக்காகப் பேசினேன். மார்ச்சில் கணவருக்கு வேலை போனது, கூடவே குடும்பத்தின் இன்ஷூரன்ஸும். ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் போட்டியிலிருந்து விலகுவதாகச் சொன்னதைப் பார்த்துவிட்டு அழுதேன். "ஊரே செத்துக்கொண்டிருக்கிறது, நீ ஒரு அரசியல்வாதிக்காக அழுகிறாயா?" என்று மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்கள் கூடிச் சதி செய்து அவரைக் கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் மாநிலத்தில் பிரைமரியை ஜூலை 7-க்குத் தள்ளியிருக்கிறார்கள். போட்டியிலேயே இல்லாதவருக்கு ஓட்டுப் போட நான் எதற்குப் போக வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

மகனுக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வேலையும் இன்ஷூரன்ஸும் ஒன்றாகப் போயின என்று எழுதியிருக்கிறீர்கள். வைத்தியத்தை வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள் என்றுதானே அந்த மனிதர் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார்? அவர் சொன்னது வீட்டுக்கு வீடு உண்மையாகிக்கொண்டிருக்கும் மாதத்தில் அவரே விலக வேண்டி வந்துவிட்டது. இதற்கு அழுகை வராமல் இருக்குமா?

எனக்கு இருபது வயது இருக்கும்போது எங்கள் ஊர் உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்காக ராப்பகலாகச் சுவரெழுதினேன். வாபஸ் வாங்கக் கடைசி நாளில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேச, அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. சுவரில் மட்டும் மழைக்காலம் வரை இருந்தது. நாங்கள் எத்தனை பேர் அவர் பக்கம் நின்றோம் என்பது எந்தக் கணக்கிலும் வராமலே போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான், அவர் விலகியதுகூட இல்லை.

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் சொல்கிறேன்: போங்கள். அமெரிக்க பிரைமரியில் பிரசாரத்தை நிறுத்தினாலும் பெயர் பட்டியலில் இருக்க முடியும். மீதி மாநிலங்களிலும் என் பெயர் இருக்கும், கட்சி மாநாட்டுக்கான பிரதிநிதிகளைச் சேர்ப்பேன் என்று விலகிய அன்றே சாண்டர்ஸ் சொல்லிவிட்டார். ஒரு மாநிலத்திலோ அதன் தொகுதியிலோ 15 சதவீதம் வாங்கினால்தான் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். 14 வாங்கினால் ஒருவர்கூடக் கிடையாது. அவர்தான் போய்விட்டாரே என்று உங்களைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தால் கோட்டுக்கு மேலே இருப்பது கீழே இறங்கிவிடும். அந்தப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கட்சி மாநாட்டின் குழுக்களில் இடம் பிரிப்பார்கள். கொள்கை அறிக்கை எழுதும் குழுவில் நாலில் ஒரு பங்கு கையில் இருந்தால், தங்கள் மாற்று யோசனையை மாநாட்டின் முன் வைத்து ஓட்டெடுப்புக்கு விடச் சொல்லலாம். ஜூலை 7 அன்று நீங்கள் போடப்போவது இந்தக் கணக்குக்கான ஓட்டு.

இதற்குப் பலன் உண்டா என்றால், சாண்டர்ஸ் விலகிய மறுநாளே, அவரோடு போட்டியிட்ட ஜோ பைடன், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேரும் வயதை 65-லிருந்து 60-க்குக் குறைப்பேன் என்றார். நீங்கள் கேட்டது எல்லோருக்குமான காப்பீடு, இது அதில் ஒரு துண்டுதான். ஆனால் அந்தத் துண்டும் தானாக வரவில்லை. அந்தப் பக்கம் நிற்பவர்களின் தலையை எண்ணிப் பார்த்ததால் வந்தது.

சதி என்று எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போட்டியில் இருந்த பூட்டிஜெஜும் க்ளோபுச்சாரும் மார்ச் 1, 2 தேதிகளில் அடுத்தடுத்து விலகி பைடனை ஆதரித்தார்கள். மறுநாள் பதினான்கு மாநிலங்களில் தேர்தல். பார்ப்பவர்களுக்குத் திட்டமிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் நடந்ததை நாம் தாண்டிப் போகக் கூடாது. அங்கே பைடனுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான ஓட்டு, சாண்டர்ஸுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பைடனைக் கரையேற்றியவர்கள் அங்கிருந்த கறுப்பின வாக்காளர்கள், அதிலும் வயதில் மூத்தவர்கள். எத்தனையோ பாடுபட்டு ஓட்டுரிமை பெற்ற தலைமுறை அது. அவர்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிரணி பல துண்டாகக் கிடந்தவரை சாண்டர்ஸுக்குச் சொந்த பலம் போதுமானதாக இருந்தது. அவர்கள் ஒன்று சேர்ந்ததும் போதவில்லை. மார்ச் 10 அன்று மிச்சிகனும் போனது. 2016-ல் அவர் ஜெயித்த மாநிலம் அது.

இன்னொன்று. ஏப்ரல் 7 அன்று விஸ்கான்சினில் கொரோனாவுக்கு நடுவிலும் தேர்தல் நடத்தினார்கள். அங்குள்ள மில்வாக்கி நகரில் வழக்கமாக 180 வாக்குச்சாவடிகள், அன்றைக்குத் திறந்தவை ஐந்து. முகக்கவசம் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதற்கு மறுநாள்தான் சாண்டர்ஸ் விலகினார். ஜெயிக்க வழியில்லாத போட்டிக்காக இனியும் மக்களை இப்படி வரிசையில் நிறுத்த வேண்டாம் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. உங்களைக் கைவிட்டுப் போனவராக அவரை என்னால் பார்க்க முடியவில்லை.

நேற்று அவர் பைடனுக்கு ஆதரவு தெரிவித்துவிட்டார். அதையும் தாங்க முடியவில்லை என்று இன்னொரு கடிதம் எழுதுவீர்கள் என்று நினைக்கிறேன். எழுதுங்கள். நவம்பரைப் பற்றி இன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஜூலைக்குத் தபால் ஓட்டு வேண்டும் என்று மட்டும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இந்த நோய் எப்போது அடங்கும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம், கணவருடைய இன்ஷூரன்ஸ். வேலையோடு காப்பீடு போனால் அரசின் இன்ஷூரன்ஸ் சந்தையில் புதிதாகச் சேர 60 நாள் தருகிறார்கள். மார்ச் நடுவில் போயிருந்தால் பாதி நாள் ஓடிவிட்டது. இந்தத் துக்கத்தில் அதை விட்டுவிடாதீர்கள், நாளைக்கே பாருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் உங்கள் வருமானத்துக்குக் கிடைக்குமா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

சித்திரை முதல் நாள், 14.04.2020