இசட் டிரைவ் எங்க போச்சுங்க?

திருப்பூர் பக்கம் சின்னக் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் டிரைவ், அதாவது சர்வர்ல இருக்கற ஃபோல்டர் நம்ம சிஸ்டத்துல இசட் மாதிரி ஒரு டிரைவா தெரியறது, அதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கேன், அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிங்க.

திருப்பூர், பனியன் கம்பெனி: கரண்ட் போய் வந்தா இசட் டிரைவ் மேல சிவப்புக் குறுக்கு விழுந்துடுதுங்க. டிசைன் ஃபைல் எதுவும் திறக்க மாட்டேங்குது.

உங்க சிஸ்டம் அரை நிமிசத்துல எந்திரிச்சிருது, சர்வர் எந்திரிக்க மூணு நாலு நிமிசம் ஆகுது. லாகின் ஆனதும் விண்டோஸ் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் இல்லைன்னா விட்டுடும். கமாண்ட் பிராம்ப்ட்ங்கற கருப்பு விண்டோல வெறும் 'நெட் யூஸ்' அடிங்க, எந்த டிரைவ் எந்த நிலைமைல இருக்குன்னு பட்டியல் வரும். அப்புறம் நோட்பேடுல மூணு வரி எழுதி பேட் ஃபைலா சேமிச்சு ஸ்டார்ட்அப் ஃபோல்டர்ல போடுங்க:

டைம்அவுட் 240
நெட் யூஸ் இசட்: /டெலிட் /ஒய்
நெட் யூஸ் இசட்: \\சர்வர்\டிசைன் /பெர்சிஸ்டன்ட்:நோ

240ங்கறது விநாடி, சர்வர் எந்திரிக்கற வரைக்கும் காத்திருக்கத்தான். தினமும் நாமளே போட்டுக்கறதால விண்டோஸ் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை, அதுக்குத்தான் கடைசில 'நோ'. இன்னொண்ணு, சர்வருக்கு யூபிஎஸ் போட்டுட்டு, எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்க்கற நெட்வொர்க் சுவிட்சை விட்டுடறாங்க. நான் போன பாதி இடத்துல இதே கதைதான். சர்வர் உசுரோட இருந்து என்னங்க பண்றது, வழி செத்துப் போச்சே!

பல்லடம்: டிரைவ் இணைச்சா ஒரு நாள் பிழை 53ங்குது, ஒரு நாள் 67ங்குது. என்ன வித்தியாசம்?

வீடே தெரியலைன்னா 53. வீடு தெரிஞ்சு, உள்ள அந்தப் பேர்ல ரூம் இல்லைன்னா பெரும்பாலும் 67. 53க்கு சர்வர் பேரு, ஃபயர்வால், ஃபைல் பகிர்வு போற வழியான 445ஆம் போர்ட் பாருங்க. 67க்கு ஷேர் பேரை, அதாவது சர்வர்ல பகிர்ந்த ஃபோல்டரோட பேரைப் பாருங்க, எழுத்துப் பிழையாத்தான் இருக்கும்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: ரெண்டாவது ஃபோல்டரை வேற யூசர் பேர்ல இணைச்சா 1219னு பிழை வருதுங்க.

ஒரே சர்வருக்கு ஒரே ஆள் ரெண்டு பேர்ல போக விண்டோஸ் விடாது. பழைய இணைப்பை டெலிட் பண்ணுங்க. ரெண்டும் வேணும்னா ரெண்டாவதுக்கு சர்வர் பேருக்குப் பதிலா ஐபி முகவரி குடுங்க, வேற சர்வர்னு நினைச்சுக்கும்.

கோவை, பட்டறை: சிஎன்சி மெஷினோட இருக்கற பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்துல ஃபைல் எடுக்கணும். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் எஸ்எம்பி 1 ஆன் பண்ணிடலாமா?

வேண்டாங்க. எஸ்எம்பிங்கறது விண்டோஸ் ஃபைல் பகிர்ற முறை, 1ங்கறது அதோட பழைய பதிப்பு. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவினது அந்த வழியாத்தான். அதே வருசக் கடைசில வந்த விண்டோஸ் 10 பதிப்புலயே மைக்ரோசாஃப்ட் அதை எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு நெட்வொர்க் கார்டு உள்ள பழைய பெட்டி ஒண்ணுல லினக்ஸ் போட்டு நடுவுல வைங்க. எக்ஸ்பி பக்கம் 'மவுன்ட்' கட்டளைல 'வெர்ஸ்=1.0' குடுங்க, ஆபீஸ் பக்கம் சம்பா வழியா (லினக்ஸ்ல இருந்து விண்டோஸுக்கு ஃபைல் பகிர்ற மென்பொருள்) புது எஸ்எம்பில குடுங்க. எக்ஸ்பியோட கேபிள் ஆபீஸ் சுவிட்சுக்கு வரவே கூடாது.

பொள்ளாச்சி, நார் மில்: நெட்வொர்க் டிரைவ் தானா வரட்டும்னு லினக்ஸ்ல எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகறப்ப எதெதை இணைக்கணும்ங்கற பட்டியல் ஃபைல்) எழுதிட்டேன். இப்போ சர்வர் ஆஃப்ல இருந்தா என் சிஸ்டம் பூட் ஆகறப்பவே நின்னுக்குது.

அந்த வரில 'நோஃபெயில்' சேருங்க. பாஸ்வேர்டை அங்கயே எழுதாதீங்க, யார் வேணா படிக்கலாம். தனி ஃபைல்ல போட்டு, சொந்தக்காரர் மட்டும் படிக்கற மாதிரி 'சிஎச்மாட் 600' குடுத்து, 'கிரெடென்ஷியல்ஸ்=' போட்டு அதைக் காட்டுங்க.

கரூர்: அட்மினா திறந்த கருப்பு விண்டோல போட்ட டிரைவ் எக்ஸ்புளோரர்ல தெரியலைங்க.

சாதாரணமா திறந்து போடுங்க. அட்மின் லாகினும் உங்க லாகினும் விண்டோஸுக்குத் தனித்தனி.

அவிநாசி: எங்க ஆபீஸ்ல 22 சிஸ்டம். காலைல கடைசியா வர்ற ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் டிரைவ் வர மாட்டேங்குது.

ஷேர் குடுக்கற மெஷின் சாதாரண விண்டோஸ் 10ஆ இருக்கும். ஒரே நேரத்துல 20 இணைப்புக்கு மேல அது ஏத்துக்காது. அதுல லினக்ஸும் சம்பாவும் போடுங்க, இல்லை விண்டோஸ் சர்வர் வாங்குங்க. அவங்களைச் சீக்கிரம் வரச் சொன்னா, அப்புறம் வேற ரெண்டு பேர் வந்து கேப்பாங்க.