பறக்கத் தெரியாதவர்கள்

அன்புள்ள அக்கா,

அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் நூலகத்தில் ஒரு மேசை நிறைய சிறுவர் புத்தகங்களை எடுத்து வைத்திருந்தார்கள். கறுப்பின எழுத்தாளர் வர்ஜீனியா ஹாமில்டனின் ‘தி பீப்பிள் குட் ஃப்ளை’ (அந்த மக்களுக்குப் பறக்கத் தெரியும்) புத்தகத்தைக் கொண்டுவந்து, தூங்கும் முன் அந்தத் தலைப்புக் கதையை வாசித்துக் காட்டினேன். பருத்திக் காட்டில் சவுக்கடி படும் அடிமைகள் மந்திரச் சொல் கேட்டுப் பறந்துபோகும் கதை. முடித்ததும், “பறக்கத் தெரியாதவங்க என்ன ஆனாங்க?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று வெகுநேரம் அவள் தூங்கவும் இல்லை. இந்த வயதில் சவுக்கும் இரத்தமும் தேவையா? முயல், நரி வருகிற கறுப்பின நாட்டுப்புறக் கதைகள் எத்தனையோ இருக்கின்றன. இப்போதைக்கு அவை போதாதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மகளின் கேள்விக்கு அந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தை இன்னொரு முறை அவளோடு படியுங்கள். டோபி என்ற முதியவர் மற்றவர்களைப் பறக்க வைத்துவிட்டுத் தானும் கிளம்புகிறார். கீழே நிற்பவர்கள் ‘எங்களையும் கூட்டிப் போ’ என்று கண்ணாலேயே கேட்கிறார்கள். வாய்விட்டுக் கேட்கப் பயம். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க டோபிக்கு நேரமில்லை. தப்பி ஓட ஒரு வாய்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு விடுதலை கிடைத்ததும் இந்தக் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பறந்து போனவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லையே! “பறக்கத் தெரியாதவங்கதான் நமக்கு இந்தக் கதையைச் சொன்னவங்க” என்று மகளிடம் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

ஹாமில்டனின் வீட்டிலும் இதே மாதிரிதான் நடந்தது. அவருடைய தாத்தா லீவை பெர்ரி வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். சிறு குழந்தையாகத் தாயோடு தப்பி ஒஹையோ மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் தன் பத்துப் பிள்ளைகளையும் ஆண்டுக்கு ஒருமுறை உட்காரவைத்து, தான் தப்பி வந்த கதையைச் சொல்வாராம். அந்த நிலைமை அவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக. பேத்திக்கு வர்ஜீனியா என்று பெயர் வந்ததும் அந்த மாநிலத்தின் நினைவாகத்தான். பத்துப் பேரில் ஏழு வயதுக்காரர் ஒருவராவது உட்கார்ந்து கேட்டிருப்பார் இல்லையா?

பறக்கும் கதைக்கும் உங்கள் ஜார்ஜியா மாநிலத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1803-ல் சவன்னா துறைமுகத்தில் விலைக்கு வாங்கப்பட்ட, மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இக்போ மக்களைப் படகில் செயின்ட் சைமன்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். வழியில் அவர்கள் படகைக் கைப்பற்றினார்கள். கரையை அடைந்ததும், அடிமையாக மாட்டோம் என்று டன்பார் ஓடைக்குள் இறங்கிப் பலர் மூழ்கி இறந்தார்கள். கடலோரத்து மக்களின் வாய்மொழியில் அவர்கள் மூழ்கவில்லை, ஆப்பிரிக்காவுக்கே பறந்துவிட்டார்கள். 1930-களில்கூட அந்தப் பக்கத்து முதியவர்கள், அடிமைகள் பறந்துபோன கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவை எழுதியும் வைக்கப்பட்டன. மூழ்கியதை உங்கள் மகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்பதே என் எண்ணமும். பிள்ளைகளுக்கு எந்த வடிவில் சொல்வது என்பதை அந்த மக்களே யோசித்து முடித்துவிட்டார்கள். சவுக்கை அவர்கள் கதையிலிருந்து எடுக்கவில்லை. கூடவே சிறகைக் கொடுத்தார்கள்.

சரி, முயல் கதைகளுக்கு வருகிறேன். தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துவந்த அதே புத்தகத்தின் முதல் பகுதி விலங்குக் கதைகள்தான். ஆனால் அவை வேறு, அடிமை வரலாறு வேறு என்று பிரிக்க முடியாது. இவற்றை 1880-ல் புத்தகமாக்கியவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ், உங்கள் அட்லாண்டாவில் பத்திரிகையாளராக இருந்த வெள்ளையர். சிறுவயதில் ஒரு பண்ணையில் அச்சு வேலை பழகியபோது அடிமைக் குடிசைகளில் கேட்டவை. புத்தகத்தில் ரீமஸ் மாமா என்றொரு முதியவரைப் படைத்து, அவர் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்குக் கதை சொல்வதாக அமைத்தார். பழைய பண்ணை நாட்களை ஆசையோடு நினைக்கும் முதியவர் அவர். கதைகளை அச்சில் ஏற்றிய நன்மையை நான் மறுக்கவில்லை. யார் யாருக்குச் சொன்ன கதை என்பது அங்கே மாறிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் கதைகளில் ஒன்றில், நரி பொறியாக வைத்த தார் பொம்மையில் ஒட்டிக்கொண்ட முயலண்ணன் நரியிடம், ‘என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்த முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே’ என்று கெஞ்சுகிறான். நரி அங்கேயே எறிகிறது. அவன் பிறந்து வளர்ந்த இடமே அந்தப் புதர்தான்! குடிசை இருட்டில் ஓர் அடிமைத் தாய் தன் பிள்ளைக்கு இதைச் சொன்னால், பலசாலியின் பிடியில் இருக்கும்போது மனதில் உள்ளதை அவனிடம் காட்டாதே என்று சேர்த்தே சொல்கிறாள். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த காலம். அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் முயலண்ணன்தான். 1987-ல் ஜூலியஸ் லெஸ்டர் அந்தப் பழைய பண்ணைச் சூழலை நீக்கிவிட்டு இவற்றைப் புதிதாகச் சொன்னார். படங்கள் ஜெர்ரி பிங்க்னி. நூலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

வலியை அறவே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 ஜனவரியில் ஸ்கொலாஸ்டிக் நிறுவனம் ஒரு படப்புத்தகம் வெளியிட்டது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ், தன் மகளோடு சேர்ந்து சிரித்த முகத்தோடு அவருக்குப் பிறந்தநாள் கேக் செய்கிறார். கடும் எதிர்ப்பு வந்தது. அதே மாதத்தில் புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். உண்மையில் ஹெர்குலிஸ் 1797 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளன்றே, தப்பி ஓடியவர். பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. சில வாரங்கள் கழித்து வாஷிங்டனின் பண்ணைக்கு வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப் தன் நாட்குறிப்பில் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, வருத்தமாக இருக்குமே என்று இளவரசரின் பணியாள் ஹெர்குலிஸின் மகளிடம் கேட்டாராம். ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம். அவளுக்கு அப்போது ஆறு வயது.

தூக்கம் கெட்டது பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஹாமில்டனின் இந்தக் கதையைச் சனிக்கிழமைப் பகலில், மடியில் வைத்துக்கொண்டு, நடுவில் எத்தனை முறை நிறுத்தினாலும் பதில் சொல்லிச் சொல்லி வாசியுங்கள். இரவுக்கு முயலண்ணன் இருக்கட்டும். அப்புறம், அடுத்து அவள் என்ன கேட்டாள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா