பச்சை வேறு, காடு வேறு

கேள்வி: அமேசானில் அழிக்கப்பட்ட காடு மீண்டும் வளர்கிறதா என்பதைச் செயற்கைக்கோள் படத்தை வைத்தே சொல்லிவிடலாம் அல்லவா? பச்சை கூடினால் காடு வந்துவிட்டது என்றுதானே பொருள்?
- வாசகி, தென்காசி

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மாடு மேய்த்துக் கைவிட்ட நிலத்தில் முதலில் தலைதூக்குபவை செக்ரோபியா போன்ற முன்னோடி மரங்கள். விரித்த கையைப் போன்ற பெரிய இலைகளால் சில ஆண்டுகளிலேயே தரையை மூடிவிடும். பசுமையை அளக்கப் பலரும் எடுக்கும் என்.டி.வி.ஐ. எண், இலை அடர்ந்ததும் 0.8, 0.9 அருகே நின்றுவிடும். பத்து வயதுக் குறுங்காடும் முதிர்ந்த காடும் அதில் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நிலைமை வேறு. வெப்பமண்டல மறுவளர்ச்சிக் காடுகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வின்படி, மண் 10 ஆண்டுக்குள் தேறிவிடுகிறது. காட்டின் கட்டமைப்புக்கு 25 முதல் 60 ஆண்டு வேண்டும். பழைய மர இனங்கள் வந்து சேர 120 ஆண்டுக்கு மேல்.

ஆகவே வயதைக் கணக்கிடுங்கள். பிரேசிலின் மேப்பயோமாஸ் திட்டம், 30 மீட்டர் பிக்சல் (படப்புள்ளி) கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களிலிருந்து 1985 முதல் ஆண்டுவாரி நிலப்பயன்பாட்டு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. ஒரு பிக்சல் கடைசியாக மேய்ச்சல் நிலமாக இருந்த ஆண்டைப் பிடித்து, அங்கிருந்து எண்ணினால் வயது கிடைக்கும். ஒரே ஓர் ஆண்டு காடாகி மறு ஆண்டே மேய்ச்சல் நிலமானால் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது மேகம் செய்த கோளாறு. மூன்று ஆண்டு தொடர்ந்து காடாக நின்றால் மட்டும் கணக்கில் சேருங்கள். வளர்ந்ததை மறுபடி வெட்டுவதும் அங்கே சகஜம். அந்த இடத்தில் வயதைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க மறந்தால், காடு சேமித்த கார்பனின் கணக்கு பொய்யாகப் பெருத்துவிடும்.

கேள்வி: பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் மறுவளர்ச்சிக் காட்டைப் பிரித்தறிய யூ-நெட் என்ற ஆழ்கற்றல் மாதிரியை (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) பயிற்றுவித்தேன். சோதனையில் 95 சதவீதம் சரி. வேறு இடத்திலும் வேறு ஆண்டிலும் போட்டால் தடுமாறுகிறது. ஏன்?
- ஆய்வு மாணவர், கோவை

பதில்: முதலில் அந்த 95 சதவீதத்தைச் சந்தேகியுங்கள். நூறு பிக்சலில் ஐந்துதான் மறுவளர்ச்சி என்றால், 'எங்கும் இல்லை' என்று சொல்லும் மாதிரிக்கும் 95 கிடைக்கும். மறுவளர்ச்சி வகுப்புக்கு மட்டும் தனியாக, எத்தனை தவறவிட்டது, எத்தனை பொய்யாகச் சொன்னது என்று பாருங்கள்.

அடுத்து, படத் துண்டுகளைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருந்தால், சோதனைத் துண்டுக்கு ஒட்டிய துண்டே பயிற்சியில் இருந்திருக்கும். 256 பிக்சல் துண்டு என்பது 10 மீட்டர் படத்தில் வெறும் 2.56 கிலோமீட்டர். இருபது, முப்பது கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, முழுக் கட்டத்தையே சோதனைக்கு ஒதுக்குங்கள்.

ஆண்டு மாறினால் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலர் இதில் விழுகிறார்கள். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் பிக்சல் மதிப்புகளோடு 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் பழைய படத்தோடு சேர்த்தால், நிலத்தில் நடக்காத மாற்றத்தை மாதிரி கற்றுக்கொள்ளும்.

படங்களை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுங்கள். வறண்ட காலத்தில் மேய்ச்சல் புல் காய்ந்து வெளுக்கும், இளங்காடு பச்சையாகவே நிற்கும். சென்டினல்-2 பதிவுசெய்யும் குற்றலை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியாத ஒளி) பட்டைகள் 11, 12 இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இலையின் ஈரத்தைக் காட்டுபவை அவைதான். யூகலிப்டஸ், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைத் தனி வகுப்பாகக் குறியுங்கள். இல்லாவிட்டால் தோட்டமெல்லாம் காடாகிவிடும்.

கேள்வி: மரத்தின் உயரத்தையும் மேலிருந்தே அளக்க முடியுமா?
- வாசகர், திருச்சி

பதில்: முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நாசாவின் ஜெடி கருவி லேசர் துடிப்புகளை அனுப்பி, 25 மீட்டர் வட்டத்துக்குள் உயரத்தை அளக்கிறது. வட்டங்கள் இடைவெளி விட்டே விழும். நடுவில் உள்ள நிலத்தை ஆழ்கற்றல்தான் நிரப்புகிறது. இட நிர்ணயத்தில் சுமார் 10 மீட்டர் பிசகு உண்டு என்பதால் காட்டின் ஓரத்தில் விழுந்த வட்டங்களை நீக்கிவிடுங்கள். இப்படி நிரப்பும் மாதிரிகள் உயர்ந்த மரத்தைக் குட்டையாகவும், குட்டைப் புதரை உயரமாகவும் காட்ட முனைகின்றன. ஆறு வயதுக் குறுங்காட்டில் இது பெரிய பிழையாகிவிடும். ஐந்து மீட்டருக்கும் குறைவான இடங்களைத் தனியே பிரித்துப் பிழையைக் கணக்கிடுங்கள்.