சில்வர் பீச் நடை மட்டும் போதாது

நண்பரே, ஆகஸ்டில் வழிகாட்டிக் குழுவோடு காஷ்மீர் ஏரிகள் மலைப்பயணம் போகிறீர்கள். தினமும் கடலூர் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் நடப்பது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மணல் கெண்டைக்காலுக்கு நல்லதுதான். ஆனால் சோனமர்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் அந்தப் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியை வாட்டும்.

கடலூரில் நமக்கு வாய்த்த மேடு கேப்பர் மலை. வார நாட்களில் அங்கே நடங்கள். ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்குப் பஸ் ஏறிவிடுங்கள். அங்குள்ள ராஜகிரிக் கோட்டை சுமார் 800 அடி உயரம். முதுகுப்பையில் எட்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்து ஏறுங்கள். முட்டி வலித்தால் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள், பிறகுதான் தோள்பட்டையை இழுக்க வேண்டும். பாரம் இடுப்பில் உட்கார வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு உடல்வலு இருந்தாலும், உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் வரலாம். வழியில் வரும் காட்சர் கணவாய் 4,000 மீட்டருக்கு மேல், நாமோ கடலோரத்துக்காரர்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் கீழே இறங்கியாக வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, நோயாளியை இறக்கக் குதிரை உண்டா என்று குழுவினரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.