பாக்கெட்டில் எஃப்1 என்று போட்டால் போதுமா? ஹைப்ரிட் வெள்ளரி விதை பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை முழுக்க வெள்ளரிதான். வீட்டுத் தோட்டத்துக்கு ஹைப்ரிட் விதை, அதாவது இரண்டு வேறு வகைகளைக் கலந்து எடுக்கும் விதை, வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களும் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியதை எடுத்துக்கொண்டேன். அந்தக் கலப்பின் முதல் தலைமுறை என்பதைத்தான் பாக்கெட்டில் எஃப்1 என்று போடுகிறார்கள்.

கேள்வி: சாதாரண வெள்ளரி விதையும் ஹைப்ரிட் விதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். ஹைப்ரிட் விலை பல மடங்கு. நாலு கொடி வளர்க்கப்போகும் எனக்கு அந்த விலை தகுமா?

பதில்: முதலில் பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு கொடிக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். ஒரு கிராம் வெள்ளரி விதையில் ஏறக்குறைய 30, 40 விதை இருக்கும். சாதாரண ரகத்தை எடை போட்டு விற்பார்கள், நல்ல ஹைப்ரிட்டைப் பெரும்பாலும் எண்ணிக்கை வைத்து விற்பார்கள். நாலு கொடிக்கு ஆறேழு விதை போதும் என்றால் பத்து விதை உள்ள சின்னப் பாக்கெட் அப்படியொன்றும் பெரிய செலவாக இருக்காது, பெரிய பாக்கெட்டை மலிவு என்று வாங்கி மிச்சத்தைப் பழசாக்குவதுதான் நஷ்டம்.

விலை ஏன் அதிகம் என்றால், எஃப்1 விதைக்குத் தாய், தந்தை என இரண்டு தனித்தனி வரிசைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தூய்மையாகக் காப்பாற்ற வேண்டும், பிறகு ஒவ்வொரு முறையும் அந்த இரண்டையும் புதிதாகச் சேர்த்துத்தான் விற்பனைக்கு விதை எடுக்க வேண்டும். அந்த உழைப்புக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த உழைப்பின் பலன் எல்லாமே உங்களுக்கு வேண்டியதா என்று கேட்டுப் பாருங்கள். ஹைப்ரிட்டின் பெரிய பெருமை ஒரே சீரான காய்கள், ஒரே சமயத்தில் அறுவடை. சந்தைக்கு அனுப்புகிற விவசாயிக்கு அது பெரிய விஷயம், வீட்டுக்கு ஒரே வாரத்தில் கூடை கூடையாக வந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டுத் தோட்டத்துக்கு உண்மையில் உதவுவது நோய் தாங்கும் தன்மை, கசக்காத காய், தேனீ வராத இடத்திலும் காய்க்கிற குணம் ஆகிய மூன்றும்தான். பாக்கெட்டில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் "எஃப்1, அதிக மகசூல்" என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்று. மார்க்கெட்மோர் 76, பாயின்செட் 76 இரண்டும் ஹைப்ரிட் அல்ல. இயல்பான மகரந்தச் சேர்க்கையில் விதை எடுக்கப்படும் ரகங்கள், சில நோய்களைத் தாங்கும்படி பல்கலைக்கழகங்களில் உருவாக்கப்பட்டவை, வீட்டுக்கு நன்றாகவே போதும். இவற்றின் மேல் எஃப்1 என்று எழுதி யாராவது ஹைப்ரிட் விலை சொன்னால் அந்தக் கடையில் வேறு எதையும்கூட வாங்காதீர்கள்.

கேள்வி: "எல்லாமே பெண் பூ" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஹைப்ரிட் வாங்கினேன். மாடியில் பூச்சி வராமல் வலை கட்டி வளர்க்கிறேன். பூ கொள்ளை கொள்ளையாக வருகிறது, ஆனால் பிஞ்சு எல்லாம் விரல் நீளம்கூட ஆகாமல் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. போலி விதையைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விதை சொன்னபடியே வேலை செய்கிறது. உங்கள் இடத்துக்குப் பொருந்தாத வகையை வாங்கிவிட்டீர்கள். இதை விற்பவர் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது அவர் தவறு.

வெள்ளரியில் பூ விஷயத்தில் மூன்று வகை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வகையில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். முதலில் ஆண் பூ மட்டும் வரும், ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பின்னால் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். இதைத் தெரியாமல் "வெறும் பூதான் வருகிறது, காயே இல்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு, கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது வகை பெண் பூக்கள் மட்டும், அல்லது பெரும்பாலும் பெண் பூக்களே வரும் ஹைப்ரிட். கொரியாவிலிருந்து வந்த ஒரு வெள்ளரியின் இந்தக் குணத்தை வைத்து 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஹைப்ரிட்களை உருவாக்கினார்கள், இன்றைக்குக் கடைகளில் இருக்கும் பல ஹைப்ரிட்களில் இந்தக் குணம் உண்டு. கணுவுக்குக் கணு பெண் பூ என்பதால் சீக்கிரம் காய்க்கும், நிறையக் காய்க்கும், ஆனால் மகரந்தம் எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் இந்தப் பாக்கெட்களில் பத்து விதைக்கு ஒன்று என்ற கணக்கில், சில சமயம் அதற்குச் சற்று மேலாக, ஆண் பூ தரும் வேறொரு ரகத்தின் விதையைக் கலந்து வைப்பார்கள். அடையாளம் தெரிய அதற்கு வேறு நிறச் சாயம் பூசுவதும் உண்டு. நிறம் மாறிய விதையைக் கெட்டுப்போனது என்று நினைத்துப் பொறுக்கிப் போட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் பாக்கெட்டில் மூன்று விதையை மட்டும் எடுத்து விதைக்கிறார்கள், அதில் ஆண் பூ விதை விழாமலே போகிறது. உங்கள் பாக்கெட்டில் மிச்சம் இருந்தால் கொட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வகைதான் உங்களுக்கு ஏற்றது, மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்க்கும் வகை. பாக்கெட்டில் "பார்த்தினோகார்பிக்" என்றோ "தேனீ தேவையில்லை" என்றோ போட்டிருக்கும். பசுமைக்குடில், வலைக்கூடு, மூடிய பால்கனி எல்லாவற்றுக்கும் இதுதான் சரி, காயில் விதையும் இருக்காது. இதையே தேனீ நிறைய வரும் திறந்த தோட்டத்தில் வைத்தால் சில காய்களில் விதை பிடித்து ஒரு பக்கம் உப்பிக் கோணலாக வரலாம், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இப்போது இருக்கும் கொடியைக் காப்பாற்ற வழி இருக்கிறது. வேறு எந்த ரக வெள்ளரிக் கொடியிலிருந்தாவது ஒரு ஆண் பூவைக் காலையில் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் இருக்கும் சூல்முடி முழுக்கப் படும்படி மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பெண் பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், மதியத்துக்கு மேல் செய்தால் பலன் குறைவு. அரைகுறையாகத் தேய்த்தால் காய் ஒரு முனை சூம்பி வளைந்து போகும். அக்கம்பக்கத்தில் தேனீ நடமாட்டம் இருந்து, ஆண் பூக்கும் ஒரு சாதாரண வெள்ளரியையும் பக்கத்தில் வைக்க முடிந்தால், காலை வேளையில் வலையைத் திறந்துவிட்டாலே போதும்.

கேள்வி: "கசக்காத ஹைப்ரிட்" என்று வாங்கினேன், கசக்கிறது. பக்கத்தில் பாகல் கொடி இருப்பதால் கலந்துவிட்டது என்கிறார் விதை விற்றவர்.

பதில்: இந்தக் காரணத்தை ஒருக்காலும் ஏற்காதீர்கள். பாகலும் வெள்ளரியும் கலக்கவே கலக்காது. பாகலை விட நெருங்கிய உறவான முலாம்பழத்தோடுகூட வெள்ளரி இயல்பாகக் கலப்பதில்லை, வெள்ளரிக்கு 14 குரோமோசோம், முலாம்பழத்துக்கு 24. அப்புறம், ஒரு வெள்ளரி இன்னொரு வெள்ளரி ரகத்தோடு கலந்தாலும் அது உள்ளே இருக்கும் விதையில்தான் தெரியும், நீங்கள் சாப்பிடும் காயின் சதை தாய்ச் செடியுடையது, அதன் ருசி மாறாது.

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற பொருள், செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவது. சாதாரண ரகங்களில் இலையிலும் தண்டிலும் எப்போதும் இருக்கும், கடும் வெயில், ஒரு நாள் வறட்சி ஒரு நாள் வெள்ளம் என்ற மாதிரி தண்ணீர் விடுதல் எல்லாம் சேர்ந்தால் காய்க்கும் ஏறும், அதுவும் காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும் அதிகம். மூடாக்கு போட்டு மண் ஈரத்தை ஒரே அளவில் வைத்திருந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். ஆனால் உண்மையான கசப்பற்ற ஹைப்ரிட்களில் அந்தப் பொருளை உண்டாக்கும் திறனே மரபிலேயே அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே பாக்கெட்டில் கசக்காது என்று தெளிவாக எழுதியிருந்து எல்லாக் கொடியிலும் காய் கசந்தால் உங்கள் புகார் நியாயமானது, தண்ணீர் மேல் பழி போடவும் அவருக்கு இடமில்லை. ஒரு எச்சரிக்கை: வாயில் வைத்ததும் கடுமையாகக் கசக்கும் காயைத் துப்பிவிடுங்கள், வீணாக்கக் கூடாது என்று சாப்பிட வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்.

கேள்வி: பாக்கெட்டில் எச்ஆர், ஐஆர், பிஎம், டிஎம், சிஎம்வி என்றெல்லாம் இருக்கிறது. நோயே வராது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. எச்ஆர் என்றால் அதிக எதிர்ப்பு, ஐஆர் என்றால் நடுத்தர எதிர்ப்பு. பிஎம் சாம்பல் நோய், டிஎம் அடிச்சாம்பல் நோய், சிஎம்வி வெள்ளரி மொசைக் வைரஸ். சாம்பல் நோயில் இலையின் மேல் மாவு தூவிய மாதிரி வெள்ளையாக இருக்கும். அடிச்சாம்பலில் நரம்புக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சள் திட்டு வந்து, இலையைத் திருப்பினால் அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூஞ்சணம் தெரியும். உங்கள் இடத்தில் எது வழக்கமாக வருகிறது என்று பார்த்து அந்த எழுத்து உள்ள பாக்கெட்டை எடுங்கள், இலை அடிக்கடி நனைகிற ஈரமான இடத்துக்கு டிஎம் ரொம்ப முக்கியம். எல்லா எழுத்தும் இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்த எதிர்ப்பு நிரந்தரமும் அல்ல. அமெரிக்காவில் அடிச்சாம்பல் நோயைப் பல்லாண்டுகள் தாங்கி நின்ற வெள்ளரி ரகங்கள் 2004இல் அந்த நோய்க்கிருமியின் புதிய வடிவம் வந்தபோது தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் கொடியைப் பந்தலில் ஏற்றிக் காற்றோட்டமாக விடுவதும், மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிக்காமல் இருப்பதும் எந்த ஹைப்ரிட்டுக்கும் தேவைதான்.

கேள்வி: ஹைப்ரிட் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த முறை போடலாமா? முளைக்கவே முளைக்காதாமே?

பதில்: முளைக்கும். முளைக்காதபடி எதையோ செய்து விற்கிறார்கள் என்பது தவறான செய்தி, ஹைப்ரிட் என்பது மரபணு மாற்றமும் அல்ல. ஆனால் அடுத்த தலைமுறையில் தாய், தந்தையின் குணங்கள் கலைந்து பிரியும், ஒரு கொடி நன்றாக வரும், இன்னொன்று கசக்கும், மற்றொன்று நோயில் விழும். இடம் நிறைய இருந்தால் ஆசைக்குப் போட்டுப் பாருங்கள், நாலு கொடிக்குத்தான் இடம் என்றால் வேண்டாம். மகரந்தம் இல்லாமல் காய்த்த காயில் எடுக்க விதையே இருக்காது. வருடா வருடம் சொந்த விதைதான் வேண்டும் என்றால் ஹைப்ரிட் அல்லாத நல்ல ரகம் ஒன்றை வாங்கி, வேறு வெள்ளரி ரகம் பக்கத்தில் இல்லாமல் வளர்த்து, காயைக் கொடியிலேயே நன்றாகப் பழுக்கவிட்டு விதை எடுங்கள்.

கேள்வி: விதை பளிச்சென்று இளஞ்சிவப்பாக இருக்கிறது. ஊறவைத்துப் போடலாமா?

பதில்: அது பூஞ்சைக்கொல்லி மருந்து பூசிய விதை. பாக்கெட்டில் மருந்தின் பெயர் இருக்கும். ஊறவைத்தால் மருந்து கழுவிப் போய்விடும், அப்படியே ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். கையுறை போடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மிஞ்சியதைப் பறவைக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பத்து விதையில் மூன்றுதான் முளைத்தது. கடைக்காரர் "தண்ணீர் அதிகமாகியிருக்கும்" என்று அனுப்பிவிட்டார். என்ன செய்வது?

பதில்: அவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான், அதனால் முதலில் உங்கள் பக்கத்தை உறுதிசெய்யுங்கள். வெள்ளரி குளிர்ந்த மண்ணில் முளைக்காது. மண்ணின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் 3 நாள், 25இல் 4 நாள், 20இல் 6 நாள் என்று முளை தெரியும், 15 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம் இழுக்கும், அதற்குள் சதசதவென்ற மண்ணில் விதை அழுகிவிடும்.

மீதி விதை இருந்தால் பத்தை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். சர்வதேச விதைப் பரிசோதனைக் கழகத்தின் முறையில் வெள்ளரிக்கு 4ஆம் நாள் முதல் கணக்கு, 8ஆம் நாள் கடைசிக் கணக்கு, நீங்களும் அதே நாட்களில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் முளைப்புத்திறன் சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். பத்து விதை என்பது சின்ன எண்ணிக்கை, 80 என்று போட்டு 7 முளைத்தால் அதை வைத்துச் சண்டை போட முடியாது, 3 என்றால் தாராளமாகப் போடலாம்.

பாக்கெட்டைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. லாட் எண் (அந்த விதை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்), பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் அதில்தான் இருக்கின்றன, பில்லோடு சேர்த்து அறுவடை முடியும் வரை வைத்திருங்கள். கடைக்காரர் கைவிரித்தால் பாக்கெட்டில் இருக்கும் நிறுவன முகவரிக்கு லாட் எண், படங்கள், பில் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பல நிறுவனங்கள் விதையின் விலைக்கு மேல் எந்த இழப்பும் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்கள் இழந்த நாட்களுக்கும் மண்ணுக்கும் உரத்துக்கும் பதில் இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை, ஆனால் பெரிய தொகை இல்லாத இடத்தில் பணமோ மாற்றுப் பாக்கெட்டோ கேட்பதுதான் சீக்கிரம் முடிகிற வழி. மாற்றுப் பாக்கெட் கொடுத்தால் வாங்குவதற்கு முன் லாட் எண்ணைப் பாருங்கள், பழைய எண்ணே இருந்தால் வேறு லாட் கேளுங்கள்.